கடன் தராத கடைக்காரர்

கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரம் போன்ற ஓர் ஊரில் வீடு கட்டத் தொடங்கும் குடும்பம், சிமென்ட், கம்பி, வண்ணப்பூச்சு, குழாய், கதவுத் தாழ்ப்பாள் என அனைத்தையும் பெரும்பாலும் தெரிந்த கடைகளிலேயே வாங்கும். முழுத் தொகையையும் உடனே எடுத்து வைப்பவர்கள் சிலரே. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளிலிருந்து கரும்புப் பணம் வரும்போதோ, நெல் விலைபோகும்போதோ கணக்கு நேராகும். அதுவரை அந்தக் குடும்பத்தின் பெயர் கடைக்காரரின் பற்றுவரவு ஏட்டில் இருக்கும். அந்த ஏடுதான் நம் சிற்றூர் வணிகத்தின் பலம். பல நேரங்களில் அதன் பலவீனமும் அதுவே.

அந்த ஏடே வேண்டாம் என்று முடிவு செய்து, அதன்மீதே ஒரு வணிகப் பேரரசை எழுப்பியவர் ஒருவர் இருந்தார். சென்னை மவுண்ட் ரோடு முதல் ஷாங்காய் வரை அவருடைய கடைகள் நின்றன. துணிமணி, திரைச்சீலை, தரைவிரிப்பு, பீங்கான் பாத்திரம், அறைகலன் என ஒரு வீட்டை வீடாக்கும் பொருள்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. ஒரு காலத்தில் அந்தக் கடையின் பெயரை அறியாத ஆங்கிலேயக் குடும்பம் இந்தியாவில் இருந்திருக்க முடியாது. இன்று அந்தப் பெயர் பழைய கட்டடங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கு மட்டுமே தெரியும். அவர் பெயர் ராபர்ட் லெய்ட்லா. அவர் நிறுவிய கடை, ஒயிட்டவே லெய்ட்லா.

எழுந்த வேகத்தையும் விழுந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், வணிகம் எதனால் நிலைக்கிறது என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை தெளிவான விடை தருகிறது.

லெய்ட்லா 1856-இல் ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியான ராக்ஸ்பரோஷயரில் பிறந்தார். கிர்க்டன், டென்ஹோம் ஆகிய சிற்றூர்களின் திருச்சபைப் பள்ளிகளில் படித்தார். டென்ஹோம் மிகச் சிறிய ஊர். ஆயினும், 1803-இல் மதராசுக்கு வந்து மருத்துவராகவும் பன்மொழி அறிஞராகவும் விளங்கிய ஜான் லெய்டன் பிறந்த ஊர் அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே பிறந்ததும் அங்கேதான். மண் வளம் குறைந்த அந்த எல்லைப்புறத்தில், நிலமோ பரம்பரைச் சொத்தோ இல்லாத இளைஞனுக்கு இரண்டே வழிகள்: படிப்பு, அல்லது கடல்கடந்த பயணம். லெய்ட்லா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

1877-இல், இருபதுகளின் தொடக்கத்தில், அவர் இந்தியாவுக்கு வந்தார். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தா. ஆட்சியும் துறைமுகமும் வங்கிகளும் அங்கிருந்தன. ஐரோப்பியருக்கான பெருங்கடைகளும் அங்கிருந்தன. அந்தக் கடைகளில் வாங்குவோர் காசு கொடுப்பதில்லை என்பதே அன்றைய வழக்கம். ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் பொருளை எடுத்துச் செல்வார்கள். மாத முடிவில் கடைக்காரர் அந்தச் சீட்டுகளைத் திரட்டிக் கணக்கு அனுப்புவார். சிலர் கொடுப்பார்கள், சிலர் அடுத்த மாதம் என்பார்கள், சிலர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார்கள்.

ஐரோப்பிய அதிகாரி என்பவர் எங்கும் வேர் கொள்ளாதவர். மூன்று ஆண்டுகள் ஓரிடம், இரண்டு ஆண்டுகள் வேறோரிடம், பின்னர் விடுப்பில் தாயகம் என்று அவர் வாழ்க்கை நகரும். அவருக்குக் கடன் கொடுப்பவர், திரும்பி வராத தொகையையும் காலம் கடந்து வரும் தொகையின் வட்டியையும் சேர்த்தே விலையை வைத்தாக வேண்டும். ஒழுங்காகப் பணம் கொடுப்பவர், கொடுக்காதவருக்கும் சேர்த்துச் செலுத்துவதுதான் அந்த முறையின் உள்ளர்த்தம்.

இதை மாற்றினால் விலை குறையும், விலை குறைந்தால் விற்பனை பெருகும் என்ற எளிய கணக்கை லெய்ட்லா நம்பினார். 1882-இல் எட்வர்டு ஒயிட்டவே என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கல்கத்தாவில் கடை தொடங்கினார். அங்கே ரொக்கம் மட்டுமே செல்லும். எழுதப்பட்ட விலைதான் விலை, பேரம் கிடையாது. ஆளுநர் மாளிகைக்குப் பொருள் தரும் பெருமையை மற்றக் கடைகள் தேடிக்கொண்டிருந்தபோது, லெய்ட்லா தேடியது அவர்களுக்குக் கீழே இருந்தவர்களை. ரயில்வே ஊழியர், சிப்பாய், எழுத்தர், சமயப் பணியாளர், தோட்ட மேலாளர், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் ஆகியோரே அவருடைய வாடிக்கையாளர்கள். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் அந்தக் குடும்பங்களுக்குக் கடனைவிடக் குறைந்த விலையே தேவைப்பட்டது.

மேல்தட்டு ஆங்கிலேயர்கள் இதைக் கேலி செய்தார்கள். கடையின் பெயரையே சற்றுத் திரித்து, உடனே எடு, காசைக் கொடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடராக்கி வழங்கினார்கள். இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து எழுதி வாங்கியிருக்க முடியாது.

கடன் இல்லாத வணிகத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. விற்ற பொருளின் பணம் அன்றே கைக்கு வருவதால், அதைக் கொண்டு மறுபடி சரக்கு வாங்கலாம். புதிய கிளை திறக்கலாம். வசூலுக்கென்று தனியே ஆள் வேண்டாம்; வாராக்கடன் என்ற பேச்சே இல்லை. ஒரு கடை, தொடர்கடையாக வளர்வதற்கான வழி இதுதான். பம்பாய், மதராஸ், சிம்லா, லாகூர், ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஷாங்காய் எனக் கிளைகள் பரவின. ஒரே பெயர், ஒரே முறை; இங்கிலாந்திலிருந்து மொத்தமாக வாங்கப்பட்ட ஒரே சரக்கு. இன்று தொடர்கடை என்று நாம் அழைக்கும் அமைப்பின் அடிப்படைக் கூறுகள் அனைத்தும் அதில் இருந்தன.

கிளை இல்லாத ஊர்களுக்கும் கடை போய்ச் சேர்ந்தது. லெய்ட்லா இந்தியாவுக்கு வந்த அதே 1877-இல்தான் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. எனப்படும் முறையை அறிமுகம் செய்தது. பொருளை அஞ்சலில் அனுப்பினால், அஞ்சல்காரர் அதை ஒப்படைக்கும்போது பணத்தை வாங்கிக் கடைக்கு அனுப்பிவைப்பார். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடன் கொடுக்காமலே பொருள் விற்க இந்த முறை வழிசெய்தது. ரொக்கத்தையே கொள்கையாகக் கொண்ட நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. படங்களுடன் அச்சிட்ட கனமான விலைப்பட்டியல்கள் நாடெங்கும் சென்றன. அந்நாளில் தென் ஆர்க்காடு மாவட்டத்தின் உட்பகுதியாக இருந்த சங்கராபுரம், கள்ளக்குறிச்சி போன்ற இடங்களில் முகாமிட்டிருக்கும் ஒரு பொறியாளரோ வன அதிகாரியோகூட, மதராசுக்குப் போகாமலே மேசை விளக்கையும் கொசுவலையையும் வரவழைத்துக்கொள்ளக் கூடிய காலம் அப்படித்தான் பிறந்தது. இணையத்தில் தேர்ந்தெடுத்து, வீட்டு வாசலில் பணம் கொடுக்கும் இன்றைய முறைக்கு முன்னோடி அதுவே.

இந்தியாவில் சுமார் 20 ஆண்டுகள் வாழ்ந்தபின் லெய்ட்லா பிரிட்டன் திரும்பினார். செல்வம் சேர்ந்த வணிகர்கள் பலர் அதன்பின் மாளிகையும் ஓய்வுமாக வாழ்க்கையைக் கழிப்பதுண்டு. அவர் பொதுவாழ்வுக்கு வந்தார். 1906-இல் லிபரல் கட்சி பெருவெற்றி பெற்ற பொதுத்தேர்தலில், ஸ்காட்லாந்தின் கிழக்கு ரென்ஃப்ரூஷயர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனச்சாட்சியை உறுத்திய பிரச்னைகளுள் ஒன்று அபின் வணிகம். வங்காளத்தில் அரசே அபின் தயாரித்தது. பெட்டி பெட்டியாக அது கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, சீனத்துக்குக் கப்பலேறியது. இந்திய அரசின் வருவாயில் அதற்குக் கணிசமான பங்கு இருந்தது. அந்த ஏலம் நடந்த நகரத்தில் கடை நடத்தியவர் லெய்ட்லா. வருவாய் வருகிறது என்பதற்காக ஒரு வணிகம் நியாயமாகிவிடாது என்று கருதியவர்களின் அணியில் அவர் நின்றார்.

1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடிய பன்னாட்டு அபின் ஆணையத்தில் பிரிட்டனின் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் பங்கேற்றார். பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் அந்தக் குழுவில் அவருடன் இருந்தவர். போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்காக உலக நாடுகள் ஒன்றுகூடிய முதல் முயற்சி அதுவே. அதன் தொடர்ச்சியாகத்தான் 1912-இல் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. 1913-இல் இந்தியாவிலிருந்து சீனத்துக்கு அபின் அனுப்புவதும் நின்றுபோயிற்று. பல காரணங்கள் கூடிவந்து நிகழ்ந்த அந்த மாற்றத்தில் லெய்ட்லாவின் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால், சரியான பக்கத்தில் நின்றார் என்பதில் ஐயமில்லை.

அதே 1909-இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1910 ஜனவரித் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால், அவருடைய கொடைப் பணி நிற்கவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த நாள்களிலேயே மெதடிஸ்ட் பேராயர் ஜேம்ஸ் தோபர்னின் பணிகளுக்கு அவர் துணைநின்றவர். 1877-இல் தோபர்ன் தொடங்கிய கல்கத்தா ஆண்கள் பள்ளியின் பெரும் புரவலர் அவரே. இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே வாழ்ந்த ஏழை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளின் கல்வி அவருக்கு முக்கியமாகப்பட்டது. அவருடைய கடையில் எண்ணி எண்ணிச் செலவழித்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். உயர்ந்த பதவி, தாயகப் பள்ளி ஆகியவற்றின் கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்தன. இந்தியச் சமூகமும் அவர்களைத் தன்னவர்களாக ஏற்கவில்லை. தம்மை உயர்த்தியவர்கள் யார் என்பதை லெய்ட்லா மறக்கவில்லை.

1915 நவம்பரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் கட்டிய நிறுவனம் உச்சத்தில் இருந்தது. கல்கத்தாவின் சௌரங்கியில் 1905-இல் எழுந்த அதன் தலைமைக் கடை, குவிமாடமும் கடிகாரமும் கொண்ட பெருமாளிகையாக நகரத்தின் அடையாளங்களுள் ஒன்றாகியிருந்தது. வீழ்ச்சியின் அறிகுறி எதுவும் வெளியே தெரியவில்லை.

ஆனால், விதை ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்த மாளிகை எழுந்த அதே 1905-இல்தான் வங்கப் பிரிவினை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள், கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய மக்கள் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தார்கள். சுதேசி இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1921 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் காந்தியடிகள் முன்னின்று அந்நியத் துணிகளை எரியூட்டினார். எந்தப் பொருள்களை விற்று லெய்ட்லாவின் நிறுவனம் வளர்ந்ததோ, அந்தப் பொருள்களே ஒரு நாட்டின் அடிமைத்தனத்துக்கு அடையாளமாயின.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அபினை எதிர்த்தவர் லெய்ட்லா. ஆனால், லங்காஷயர் ஆலைத் துணி நம் நெசவாளர்களின் தறிகளை ஓயவைத்தது பற்றி அவர் அதே அளவுக்குக் கவலைப்பட்டதற்கான தடயம் அவருடைய பொதுவாழ்வில் இல்லை. அபின் வணிகத்தின் தீமை அவர் கண்ணுக்குப் பட்டது. துணி வணிகத்தின் தீமை படவில்லை. தம் பிழைப்புக்கு அடித்தளமாக உள்ள ஒன்றை ஐயத்துடன் பார்ப்பது நல்ல மனிதர்களுக்கும் கடினம். இது லெய்ட்லாவின் குறை மட்டுமன்று. எல்லாக் காலத்து வணிகர்களுக்கும் உரிய குறை.

அவர் மறைவுக்குப் பின்னும் நிறுவனம் பல ஆண்டுகள் ஓடியது. புறக்கணிப்பு அதை வருத்தியது, ஆனால், வீழ்த்தவில்லை. அதை வீழ்த்தியது அது தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் வட்டமே. நடுத்தர ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் தேவையை அறிந்து, அதற்காகவே அமைக்கப்பட்ட கடை அது. சரக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். இந்திய நடுத்தர வகுப்பு தம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தபோதும், அதன் வீடு எப்படி இருக்கும், அதன் சமையலறையில் என்ன இருக்கும், அது எந்த மாதத்தில் துணி எடுக்கும் என்பனவற்றை அந்த நிறுவனம் தன் வணிகத்தின் மையமாக்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் கிழக்காசியக் கிளைகளைச் சிதைத்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. சிப்பாயும் எழுத்தரும் தோட்ட மேலாளரும் கப்பலேறினார்கள். 1949-இல் சீனத்தில் ஆட்சி மாறியது. அந்நியச் செலாவணியைக் காக்க விடுதலை பெற்ற அரசுகள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தன. வாடிக்கையாளரும் இல்லை, சரக்கும் இல்லை என்ற நிலையில் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் சிங்கப்பூர்க் கடையும் கதவடைத்தது. 80 ஆண்டு வரலாறு அத்துடன் ஏறத்தாழ முடிந்தது.

நிறுவனம் மறைந்தாலும் அதன் கட்டடங்கள் நின்றன. அவற்றில் அடுத்துக் குடியேறியவர்கள் யார் என்று பார்த்தால், வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றே தோன்றும்.

பம்பாயில் ஹார்ன்பி ரோடு எனப்பட்ட இன்றைய தாதாபாய் நௌரோஜி சாலையில் இருந்த ஒயிட்டவே லெய்ட்லா கட்டடத்தில் கதர் பண்டார் வந்தது. இங்கிலாந்துத் துணி விற்ற கூடத்தில் கைராட்டை நூலின் துணி அடுக்கி வைக்கப்பட்டது. கல்கத்தாவின் சௌரங்கி மாளிகை மெட்ரோபாலிடன் காப்பீட்டு நிறுவனத்திடம் சென்றது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது அது எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. கொழும்புக் கோட்டைப் பகுதியில் அந்தப் பழைய பெயரைச் சுமந்த கட்டடம் ஒன்று இன்னும் இருக்கிறது.

சென்னைக் கதை இவை எல்லாவற்றையும் விஞ்சியது. மவுண்ட் ரோடில் இருந்த ஒயிட்டவே லெய்ட்லா கட்டடம், சுதேசமித்திரன் நாளிதழின் அலுவலகமாகி, விக்டரி ஹவுஸ் என்று பெயர் பெற்றது. கல்கத்தாவில் லெய்ட்லா கடை திறந்த அதே 1882-இல்தான் மதராசில் ஜி.சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கினார். லெய்ட்லா மறைந்த 1915-இல்தான் அந்த இதழ் ஏ.ரங்கசாமி ஐயங்காரின் கைக்கு மாறியது. ஒரே ஆண்டில் பிறந்தவை இரண்டு: ஒன்று அந்நியப் பொருளை விற்ற கடை, மற்றொன்று சுதேசியத்தைப் பேசிய தமிழ் இதழ். முந்தியதன் இடத்தில் பிந்தியது அமர்ந்தது. வெற்றி இல்லம் என்ற பெயர் அந்தக் கட்டடத்துக்கு வெறும் அலங்காரமாக அமையவில்லை.

காலம் சுதேசமித்திரனையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேயர் இருக்கும்வரை எதிர்ப்பதற்கு ஒன்று இருந்தது. அவர்கள் போனபின் புதிய வாசகர்களைப் புதிய இதழ்கள் எளிய தமிழில் ஈர்த்துக்கொண்டன. பின்னர் அந்த இடம் வி.ஜி.பி. நிறுவனத்திடம் வந்தது. வி.ஜி.பன்னீர்தாஸ் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு நினைவுக்கு வருவது தவணை முறை. வானொலிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், கட்டில், அலமாரி எனச் சாமானியக் குடும்பம் மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்க முடியாத பொருள்களை மாதாமாதம் செலுத்தும் சிறு தொகைக்கு அவர் வீட்டுக்கு அனுப்பினார். கடனே கிடையாது என்று சொல்லி எழுந்த கடையின் மனையில், கடனையே வணிகமாக்கிய கடை நின்றது.

இந்த இருவரில் யார் சரி? இருவருமே சரி என்பதுதான் விடை. லெய்ட்லாவின் வாடிக்கையாளருக்கு மாதச் சம்பளம் இருந்தது. நிலையான முகவரி இல்லை. அவரிடம் ரொக்கம் கேட்பதே அறிவு. பன்னீர்தாஸின் வாடிக்கையாளருக்கு நிலையான முகவரி இருந்தது. மொத்தப் பணம் இல்லை. அவருக்குத் தவணை கொடுப்பதே அறிவு. ரொக்கமும் கடனும் வெறும் கருவிகள். யாருக்காகக் கடை நடத்துகிறோம் என்ற தெளிவே முதல். அந்தத் தெளிவு லெய்ட்லாவுக்கு இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு, வாடிக்கையாளர் மாறும்போது அந்தத் தெளிவைப் புதுப்பித்துக்கொள்ள இயலவில்லை.

இதை மறந்தவர்களின் கதைகள் நம் காலத்திலும் உண்டு. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, நாடெங்கும் சுமார் 1,600 கடைகள் வரை பரவி, 2009-இல் கையில் பணம் வற்றிப் படுத்துவிட்டது. வாடிக்கையாளரிடம் ரொக்கம் வாங்கிய நிறுவனம், தன் வளர்ச்சியைக் கடனில் நடத்தியது. வீடு கட்டுவோருக்கும் புதுப்பிப்போருக்கும் வேண்டிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் தருவதாக 2007-இல் ஃபியூச்சர் குழுமம் ஹோம்டவுன் கடைகளைத் தொடங்கியது. சிறு நகரத்து வன்பொருள் கடைகளின் காலம் முடிந்தது என்றுகூட அப்போது பேசப்பட்டது. ஆனால், கடன் சுமை தாளாமல் அந்தக் குழுமத்தின் முதன்மைச் சில்லறை நிறுவனமே 2022-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. ஈட்டிய பணத்தில் கிளை திறப்பது வளர்ச்சி. ஈட்டப்போகும் பணத்தை நம்பிக் கிளை திறப்பது சூதாட்டம். 140 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளி மாணவர் அறிந்திருந்த பாடம் இது.

மறுபுறம், மதராசில் லெய்ட்லா கடைக்குப் போட்டியாக விளங்கிய ஸ்பென்சர் நிறுவனம், விடுதலைக்குப் பின் இந்தியர் கைக்கு மாறி, இந்திய வாடிக்கையாளருக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. 1989-இல் ஆர்.பி.ஜி. குழுமத்திடம் வந்து, ஏற்றத்தாழ்வுகளுடனேனும் அந்தப் பெயர் நிலைத்தது. ஒரே சாலையில் நின்ற இரு கடைகளில் ஒன்று பெயராவது தப்பியது, மற்றொன்று அடியோடு மறைந்தது என்றால், அதற்குக் காரணம் சரக்கும் அல்ல, முதலீடும் அல்ல. வந்த ஊரைத் தன் ஊராக ஏற்றதா என்பதே காரணம்.

இன்று மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டி, வட்டத் தலைநகரங்களுக்கும் தொடர்கடைகள் வரத் தொடங்கிவிட்டன. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமான பிறகு அந்தப் பகுதியின் ஊர்களும் வளர்ச்சியை எதிர்நோக்கி நிற்கின்றன. சங்கராபுரத்து வன்பொருள் கடைக்காரருக்கு இதனால் அச்சம் எழுவது இயல்பு. ஆனால், அவருக்கு ஒரு பலம் உண்டு. எந்தக் குடும்பத்துக்கு எப்போது பணம் வரும், யார் வீட்டில் அடுத்த தையில் திருமணம், மலையடிவாரத்து மழையில் எந்தச் சுவர் ஓதம் காக்கும் என்பன அவருக்குத் தெரியும். அதை எந்தத் தலைமையகத்துக் கணினியும் எளிதில் கற்றுக்கொள்ள முடியாது.

அவர் லெய்ட்லாவிடமிருந்து கற்கக் கூடியவையும் உண்டு. எழுதிய விலையை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பது; ரொக்கம் தருபவருக்கு அதற்கான விலைக்குறைப்பைத் தருவது; ஒழுங்காகக் கட்டுபவர் தலையில் கட்டாதவரின் சுமையை ஏற்றாதிருப்பது. பற்றுவரவு ஏட்டைக் கிழிக்க வேண்டியதில்லை. அதில் நீதி இருந்தால் போதும். வாங்குவோருக்கும் இதில் கடமை உண்டு. உள்ளூர்க் கடையில் கடனுக்கும், பெருங்கடையில் ரொக்கத்துக்கும் வாங்கும் பழக்கம், நமக்கு நெருக்கடியில் கைகொடுப்பவரை நாமே நலிவடையச் செய்வதாகும்.

நீலகிரியில் உதகைக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளி இருக்கிறது. 1914-இல் கொடைக்கானலில் ஜான் பிரீடன் என்ற சமயப் பணியாளர் ஆதரவற்ற ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் இல்லம், பின்னர் கேத்திக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. இன்று அதன் பெயர் லெய்ட்லா நினைவுப் பள்ளி. ஒரு சமூகத்துக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, காலப்போக்கில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. கடை செய்யத் தவறியதைப் பள்ளி செய்தது. அதனால்தான் அது இன்றும் நிற்கிறது.

காசு வாங்காமல் ஒரு பொருளையும் வெளியே அனுப்பாதவர் ராபர்ட் லெய்ட்லா. அவர் விலை கேட்காமல் கொடுத்தவற்றோடுதான் தமிழ்நாட்டு மண்ணில் அவர் பெயர் எஞ்சியிருக்கிறது.